பயணி மட்டும் சுருங்கவில்லை

முழங்கால் உயரத்தில் ஒரு நீராவி எஞ்சின். அதன் பின்னால் தாழ்வான பெட்டிகளில் இருபுறமும் காலைத் தொங்கவிட்டுப் பெரியவர்கள் பத்துப் பேர். எஞ்சினை ஓட்டுபவரும் பெரியவர்தான். நிலக்கரிப் பெட்டியின் மேல் அமர்ந்து, கையை நீட்டி நெம்புகோலைப் பிடித்திருக்கிறார். இந்தக் காட்சியைக் காணொளியில் பார்த்த எவருக்கும் ஒரு சந்தேகம் வரும்: இத்தனூண்டு எஞ்சின் எப்படி இத்தனை பேரை இழுக்கிறது?

சற்று நேரம் யோசித்தால் இன்னொன்றும் வர வேண்டும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கூட இல்லையே, இது ஏன் கவிழவில்லை? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். தோட்டத்தில் ரயில் பாதை போட நினைப்பவரைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது.

இரண்டுக்கும் விடை தேட நமக்கு ஒரு தோட்டம் வேண்டும். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற தோட்ட ரயில்களில் ஒன்று, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில் 1950-இல் ஓடத் தொடங்கியது. வீட்டுக்காரர் வால்ட் டிஸ்னி. பாதைக்கு ‘கேரல்வுட் பசிபிக்’ என்று பெயர். வீடு இருந்த தெருவின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார். நீளம் 2,615 அடி, அதாவது சுமார் 800 மீட்டர். எஞ்சினுக்கு மனைவி லில்லியனின் பெயரையொட்டி ‘லில்லி பெல்’ என்று பெயர் சூட்டினார். சூட்டியாக வேண்டிய நிலை அவருக்கு. பாதை போகும் வழியில் லில்லியனின் பூந்தோட்டம் குறுக்கிட்டது. அதைத் தொடாமலிருக்க 90 அடி நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். நேராகத் தோண்டினால் செலவு குறையும் என்று சொல்லப்பட்டும் கேளாமல் எஸ் வடிவில் வளைத்தார் டிஸ்னி. உள்ளே நுழைந்தவருக்கு மறுமுனை வெளிச்சம் தெரியக் கூடாதாம்.

எட்டில் ஒன்று என்றால் எவ்வளவு?

லில்லி பெல், சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் 173-ஆம் எண் எஞ்சினை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. பழைய வரைபடங்களை வாங்கி, டிஸ்னி ஸ்டுடியோவின் இயந்திரப் பட்டறைத் தலைவர் ராஜர் பிராகியின் மேற்பார்வையில் கட்டினார்கள். தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை ரயில்வேக்காரர்கள் கேஜ் என்பார்கள். இதன் கேஜ் 7¼ அங்குலம், 184 மில்லிமீட்டர்.

எட்டில் ஒரு பங்கு என்பது நீளத்துக்கு மட்டும்தான். நீளமும் அகலமும் எட்டில் ஒன்றானால் பரப்பு 64-இல் ஒன்றாகும். உயரமும் சேர்ந்து சுருங்கும்போது கன அளவு 512-இல் ஒன்றாகிறது. ஒரே உலோகம் என்றால் எடையும் அப்படியே. 40 டன் எஞ்சின் ஒன்றை இப்படிச் சுருக்கினால் 78 கிலோதான் மிஞ்சும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். உருவத்தின் அளவு மாறும்போது பரப்பும் எடையும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதை 1638-இல் வெளிவந்த தன் கடைசி நூலில் கலிலியோ விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது விலங்குகளின் எலும்பை. தோட்ட ரயில்காரர்களுக்கும் அதே விதிதான்.

இப்போது அதே விதியைப் பயணிக்குப் போட்டுப் பாருங்கள். எட்டில் ஒரு பங்கு ரயிலுக்குப் பொருத்தமான பயணி 21 சென்டிமீட்டர் உயரமும் 120 கிராம் எடையும் உள்ளவராக இருக்க வேண்டும். ஆனால் ஏறி உட்காருகிறவர் 60 கிலோ. 60-ஐ 512-ஆல் பெருக்கினால் 30,720 கிலோ. ஆக, அந்தக் குட்டி எஞ்சினின் கணக்கில் ஒவ்வொரு பயணியும் 30 டன் எடையுள்ள ஒரு சரக்கு வேகன். பத்துப் பேர் ஏறினால் பத்து வேகன். 40 டன் எஞ்சின் சமதளத்தில் பத்து வேகன்களை இழுப்பதைப் பார்த்து யாரும் வாயைப் பிளப்பதில்லை. லில்லி பெல் செய்ததும் அதுதான்.

முதல் கேள்வி இவ்வளவு எளிதில் முடிந்துவிடுகிறது. ரயிலைச் சுருக்கியவர்கள் ஆளைச் சுருக்காமல் விட்டதன் விளைவு அடுத்தடுத்த கேள்விகளில்தான் தெரியும்.

நீராவிக்கு அளவு தெரியாது

நீராவி எஞ்சினின் இழுவை பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 64-இல் ஒன்றாகிறது. எடையோ 512-இல் ஒன்று. கொதிகலனில் அதே அழுத்தத்தை வைத்தால், சின்ன எஞ்சின் தன் எடைக்குப் பொருந்தாத எட்டு மடங்கு முரட்டுத்தனத்தோடு இழுக்க முயலும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், ரயில் நகராது. பெரிய எஞ்சின்களில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் வைக்கும் அழுத்தத்தைச் சிறியவற்றில் 80, 100 என்று குறைத்துக்கொள்வதற்கு, கொதிகலனின் பாதுகாப்போடு இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தில் நிலைமை நேர் எதிர். கொதிகலன் சிறுத்தால், உள்ளிருக்கும் நீரை ஒப்பிட வெளிப்பரப்பு எட்டு மடங்கு பெரிது. சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். நெருப்போ சொன்ன அளவுக்குச் சுருங்காது. இதனால், மிகச் சிறிய எஞ்சினில் நிலக்கரி எரியாது, ஸ்பிரிட் விளக்குதான் சரி என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் நூறாண்டுக்கு முன் வலுவாக இருந்தது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ் 1920-களில் அதை உடைத்தார். இரண்டரை அங்குல கேஜில், உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான பாதையில், நிலக்கரி எரித்து ஓடும் எஞ்சினைக் கட்டி ஆளை உட்காரவைத்து இழுத்துக் காட்டினார். பிறகு ‘மாடல் எஞ்சினியர்’ இதழில் பல்லாண்டுகள் எழுதி, வீட்டுக் கடைசல் இயந்திரத்தில் எஞ்சின் செய்யும் ஒரு தலைமுறையையே உருவாக்கினார்.

ஆனால் முதல்முறை பாதை போடுகிறவருக்கு நான் நீராவியைச் சொல்ல மாட்டேன். பேட்டரியில் ஓடும் எஞ்சின் போதும். கீழே வரும் கணக்கும் அதற்குத்தான்.

ஒரு தோட்டம், ஒரு கணக்கு

22 சென்ட் நிலம். நீளம் 40 மீட்டர், அகலம் 22 மீட்டர். மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்கு 80 சென்டிமீட்டர் சரிவு. பார்த்தால் சரிவென்றே சொல்ல மாட்டீர்கள்; மழைநீர் நிற்காமல் ஓடும் நல்ல நிலம் என்பீர்கள். ரயில் கணக்கில் இது 50-க்கு 1: ஐம்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும்.

எஞ்சின் 100 கிலோ, எல்லாச் சக்கரங்களும் மோட்டாரில் சுழல்பவை. உலர்ந்த இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் தன்மேல் இருக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பற்றி இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிடிப்பு என்று அழைக்கலாம். நம் எஞ்சினின் பிடிப்பு 20 கிலோ. மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் இந்த 20-ஐத் தாண்டி இழுக்க முடியாது. தாண்ட முயன்றால் சக்கரம் வழுக்கும்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? சக்கரம் உருள்வதற்கே ஒரு தடை உண்டு. அது உருள் தடை. பெரிய ரயிலில் மிகவும் குறைவு. நம் சின்னச் சக்கரங்களுக்கு மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். பயணிகள் பத்துப் பேர் 600 கிலோ, பெட்டிகள் 150, எஞ்சின் 100. மொத்தம் 850. சமதளத்தில் தேவையான இழுவை எட்டரை கிலோதான். கையிருப்பு 20. எஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டு போகும்.

ஏற்றம் வந்ததும் கதை மாறுகிறது. 100-க்கு 1 ஏற்றத்தில் மொத்த எடையில் இன்னொரு நூற்றில் ஒரு பங்கைத் தூக்க வேண்டும். எட்டரையும் எட்டரையும் 17. ஒப்பேறிவிடும். 50-க்கு 1 என்றால் எட்டரையோடு 17 சேர்ந்து இருபத்தைந்தரை. முடியாது. ஆறு பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 25-க்கு 1 என்றால் இரண்டே பேர். கண்ணுக்குச் சரிவென்றே தோன்றாத நிலம் பத்துப் பயணிகளில் நான்கு பேரை இறக்கிவிட்டது.

இதற்கு மேலும் செங்குத்தாக ஏற வேண்டுமானால் பிடிப்பை நம்பிப் பயனில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயில் தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் வைத்து, அதில் பற்சக்கரத்தைப் பொருத்தி ஏறுவது இதனால்தான். அங்கே ஏற்றம் சுமார் 12-க்கு 1.

நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். பாதையை நீள்வட்டமாக, இரு முனைகளிலும் 10 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டங்களும், அவற்றை இணைக்கும் 18 மீட்டர் நேர்க்கோடுகளுமாகப் போடுகிறோம். ஒரு சுற்று சுமார் 100 மீட்டர். பாதையின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயர வித்தியாசம் 76 சென்டிமீட்டர். ஆனால் ரயில் குறுக்கே 38 மீட்டரில் போகாமல், சுற்றிக்கொண்டு 49 மீட்டரில் போகிறது. ஏற்றத்தை வழி முழுக்கச் சீராகப் பரப்பினால் 65-க்கு 1 ஆகிவிடும். அடுத்து, மேல்முனையில் 20 சென்டிமீட்டர் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்முனையில் 20 சென்டிமீட்டர் கொட்டி இறுக்குங்கள். வித்தியாசம் 36 சென்டிமீட்டராகக் குறைந்து, ஏற்றம் 137-க்கு 1 என்று தணியும். பத்துப் பேருக்கும் தேவையான இழுவை இப்போது 15 கிலோவுக்கும் கீழே. எஞ்சினைத் தொடவேயில்லை. இரண்டு ஆள் சில நாட்கள் மண்வெட்டி பிடித்த வேலை அது.

மழை பெய்து, தண்டவாளத்தில் இலை ஒட்டி, பிடிப்பு பாதியாகக் குறைந்தால்? 10 கிலோ கையிருப்பில் இந்தப் பாதையில் ஐந்து பேர் போகலாம். வெட்டாத பழைய 50-க்கு 1 சரிவில் ஒரே ஒருவர்தான்.

இந்த வேலைக்கு லேசர் கருவியெல்லாம் வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம், சணல், முளைக்குச்சி, இவை போதும். சீராக ஏறுவது முக்கியம். சராசரி 137-க்கு 1 இருந்து, நடுவில் நான்கு மீட்டருக்கு மட்டும் 30-க்கு 1 வந்தால், எஞ்சின் அந்த நான்கு மீட்டரில்தான் வழுக்கி நிற்கும்.

கவிழ்வது எங்கே?

இனி தூக்கம் கெடுக்கும் கேள்வி. பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்ளும் இடம் ஈர்ப்பு மையம். அது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மேலே இருக்கும்வரை பெட்டி நிற்கும். ஒரு தண்டவாளத்தைத் தாண்டிவிட்டால் சாயும். அகலப்பாதை ரயிலில் நடுவிலிருந்து தண்டவாளத்துக்கு 84 சென்டிமீட்டர். நம்முடையதில் 9 சென்டிமீட்டரும் சொச்சமும். ரயிலோடு பயணியும் சுருங்கியிருந்தால் ஈர்ப்பு மையமும் இறங்கியிருக்கும், கவலை இராது. முழு அளவு மனிதர் பெட்டிமேல் உட்காரும்போது அது தண்டவாளத்துக்கு மேலே சுமார் 45 சென்டிமீட்டரில் போய் நிற்கிறது. ஒன்பதுக்கு நாற்பத்தைந்து: பக்கவாட்டில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளு கிடைத்தாலே கவிழ்ந்துவிடும்.

10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது வேக நடையைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் போனால், வெளிப்புறத் தள்ளு எடையில் இருபதில் ஒரு பங்கு. கவிழ்க்கத் தேவையானதில் கால்வாசி. பரவாயில்லை என்று நினைத்து வேகத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளு நான்கு மடங்காகும், ரயில் படுத்துவிடும்.

வேகம் மட்டும் என்றால் சமாளிக்கலாம். பயணி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பின்னால் வருகிற குழந்தையைப் படம் எடுக்க வெளிப்பக்கம் சாய்கிறார். ஈர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், நிலைத்தன்மையில் பாதிக்கு மேல் போய்விட்டது. வளைவு கால்வாசியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. வெளித் தண்டவாளம் மழையில் 4 மில்லிமீட்டர் அமிழ்ந்திருந்தால் இன்னொரு பத்தில் ஒன்று. மிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பெரிய ரயிலில் ஜன்னலோரம் எத்தனை பேர் எட்டிப் பார்த்தாலும் பல டன் பெட்டி அதைப் பொருட்படுத்தாது. இங்கே பயணிதான் ரயிலின் பெரும்பகுதி எடை.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் சர் ஆர்தர் ஹேவுட் இதை அனுபவத்தில் கண்டார். முதலில் 9 அங்குல கேஜில் ஆளேறும் ரயில் செய்து பார்த்தார். நிலைத்தன்மை போதவில்லை. 1874-இல் தன் டஃபீல்ட் பேங்க் வீட்டு வளாகத்தில் 15 அங்குலத்துக்கு மாறி, உருப்படியான ரயிலுக்கு இதுவே மிகக் குறைந்த அகலம் என்று முடிவு கட்டினார். டிஸ்னியின் பாதை அதில் பாதி கூட இல்லை.

1953-இல் அங்கே நடந்ததும் இந்தக் கணக்குதான். விருந்தாளி ஒருவர் லில்லி பெல்லை வளைவில் வேகமாக ஓட்ட, எஞ்சின் கவிழ்ந்து ஊதல் முறிந்தது. பீறிட்ட நீராவி பட்டு ஒரு சிறுமிக்குக் காயம். டிஸ்னி பாதையை மூடிவிட்டார். இரண்டாண்டு கழித்து டிஸ்னிலேண்ட் திறந்தபோது அதைச் சுற்றி ஓடிய ரயிலின் கேஜ் மூன்று அடி.

வளைவில் சக்கரம் என்ன செய்கிறது?

ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல வழியில்லை. வளைவிலோ வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போயாக வேண்டும். இதற்காகச் சக்கரத்தின் மேற்பரப்பை லேசாகக் கூம்பாகக் கடைகிறார்கள். டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் நேராகப் போகாமல் வட்டமடிக்கும் அல்லவா, அதுவேதான். வளைவில் அச்சு வெளிப்பக்கம் ஒதுங்கும். வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும்.

பெரிய ரயிலில் இது அற்புதமாக வேலை செய்கிறது. நம் 10 மீட்டர் வளைவில் செய்யாது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு, வழக்கமான 20-க்கு 1 கூம்பில், அச்சு 9 மில்லிமீட்டர் ஒதுங்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் முட்டுவதற்குள் கிடைக்கும் இடம் ஓரிரு மில்லிமீட்டர்தான். மீதியை உராய்ந்து, கிறீச்சிட்டுத்தான் சமாளிக்கும். உராய்வு என்றால் கூடுதல் தடை. ஆகவே வளைவும் ஏற்றமும் ஒரே இடத்தில் சேர்ந்தால், வளைவில் ஏற்றத்தை இன்னும் கொஞ்சம் தணித்து, அதை நேர்ப்பாதையில் கூட்டிக்கொள்வது நல்லது. கேஜையும் வளைவில் மட்டும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கூட்டிப் போடுவார்கள். பெட்டியின் அச்சுகளை நீண்ட இடைவெளியில் அசையாமல் பொருத்த வேண்டாம். தானே திரும்பும் குட்டையான சக்கரச் சட்டங்கள் (போகிகள்) இரண்டு வேண்டும்.

ஜல்லி

பாதையின் அடித்தளத்தில் கஞ்சத்தனம் கூடாது. பயணி முழு எடையில் இருக்கிறார், மண்ணும் முழு அளவு மண்தான். வேர் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு அகற்றி, ஜல்லி மண்ணில் புதையாமலிருக்கக் கனத்த துணி விரித்து, மேலே கால் இஞ்ச் ஜல்லி. உடைத்த, முனையுள்ள ஜல்லி. முனைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு ஸ்லீப்பர் கட்டையை நகரவிடாது. அழகுக்காகக் கூழாங்கல் போட்டால் உருண்டுகொண்டே இருக்கும். தண்டவாளத்துக்கு இரும்புக்கடையில் கிடைக்கும் எம்.எஸ். ஃபிளாட் பட்டையைக் குத்துவாக்கில் நிறுத்தினாலே போதும். வெயிலில் 30 டிகிரி சூடேறினால் 3 மீட்டர் இரும்புப் பட்டை ஒரு மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் அதற்கு இடைவெளி விடாவிட்டால், சுற்று முழுவதற்கும் சேர்ந்து மூன்றரை சென்டிமீட்டர் இரும்புக்குப் போக்கிடம் இல்லாமல் பாதை கோணிக்கொள்ளும்.

நிறுத்துவது

எஞ்சின் 20 கிலோவுக்கு மேல் இழுக்க முடியாது என்றால், 20 கிலோவுக்கு மேல் தடுக்கவும் முடியாது. பத்துப் பேரோடு வெட்டாத 50-க்கு 1 சரிவில் 8 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறீர்கள். ரயிலைக் கீழே இழுப்பது 17 கிலோ. எஞ்சின் பிரேக்கும் உருள் தடையும் சேர்ந்து தடுப்பது இருபத்தெட்டரை. வித்தியாசம் பதினொன்றரை கிலோதான். 850 கிலோ ரயில் நிற்க ஏறக்குறைய 19 மீட்டர் ஓடும். பாதையில் ஒரு குழந்தை வந்து நின்றால் 19 மீட்டர் என்பது நிற்காததற்குச் சமம். பெட்டிகளின் சக்கரங்களுக்கும் பிரேக் வைத்து, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குத் தடை கிடைத்தால் அதே ரயில் ஏறக்குறைய மூன்று மீட்டரில் நின்றுவிடும்.

தோட்ட ரயில் கட்டுகிறவர்கள் முதல் பணத்தை எஞ்சினில் போடுகிறார்கள், பெட்டிக்குப் பிரேக் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். பெட்டிகளில் பிரேக் வைத்து, வெறும் மணல் மூட்டைகளை ஏற்றி, சரிவின் அடியில் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று டேப் பிடித்து அளந்துவிட்டு, அதற்குப் பிறகு முதல் ஆளை ஏற்றுங்கள்.